குவாண்டம் கணினி வருவதற்கு முன் எதை முதலில் மாற்றுவது?

நள்ளிரவு_நிர்வாகி

போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "குவாண்டம் கணினி வந்தால் நம் டேட்டா என்ன ஆகும், திட்டம் என்ன?" ஏதோ செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

நாங்கள் வைத்திருப்பது மருத்துவப் பதிவுகள். ஒருவருக்குப் பத்து வயதில் எடுத்த பரிசோதனை முடிவு, அவருக்கு ஐம்பது வயதாகும்போதும் ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். சர்வர்கள் அறுபதுக்கு மேல். அதில் சில நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே ஓடுகின்றன. யார் நிறுவினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பீட்டர் ஷோர் 1994இல் கண்டுபிடித்த வழிமுறையைப் போதிய அளவு பெரிய குவாண்டம் கணினியில் ஓட்டினால், பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி நிற்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கமும் காலி, நீள்வட்ட வளைவு மறையாக்கமும் காலி. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கணினியைத் தாங்கும் மூன்று புதிய மறையாக்கத் தரநிலைகளை வெளியிட்டிருக்கிறது. அதற்கு மேல் படிக்கப் போனால் ஒன்று கடும் கணிதமாக இருக்கிறது, இல்லையென்றால் விளம்பரமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து எதைத் தொடுவது என்று யாராவது சொல்லுங்களேன்.

சந்தேகப்பிராணி

எதையும் தொடாதீர்கள்.

2001இல் குவாண்டம் கணினியை வைத்து 15ஐ 3 × 5 என்று பிரித்தார்கள். 2012இல் 21. நடுநடுவே "ஆர்எஸ்ஏ உடைந்தது" என்று தலைப்பு வரும். உள்ளே போனால் 22 பிட் எண்ணாக இருக்கும். அதைப் பள்ளி மாணவன் கையாலேயே பிரித்துவிடுவான். நீங்கள் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ-2048 எண்ணில் 617 இலக்கங்கள். 21 எங்கே, 617 இலக்கம் எங்கே?

உங்கள் பதிவுகள் என்றைக்காவது வெளியே போனால், அது யாரோ திரையில் ஒட்டி வைத்த கடவுச்சொல்லால்தான் போகும்.

பகா_எண்

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். மற்றதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். (நான் இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவி. எனவே எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

15, 21 என்று எண்ணின் நீளத்தை வைத்து முன்னேற்றத்தை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) ஒவ்வொன்றும் அடிக்கடி தப்பு செய்யும். நூற்றுக்கணக்கான க்யூபிட்களைக் கட்டி மேய்த்துத்தான் நம்பகமான ஒரே ஒரு க்யூபிட்டைப் பெற முடியும். அந்த வித்தை கைகூடும்வரை பிரிக்கும் எண் பெரிதாகவே ஆகாது, பல வருடம் 21லேயே நிற்கும். கைகூடிய பிறகு மிச்சம் இருப்பது அதையே பெரிய அளவில் கட்டும் வேலை. 2024 டிசம்பரில் கூகுள் தன் வில்லோ சிப்பில் காட்டியது இந்த முதல் படியைத்தான்: மொத்தமே 105 க்யூபிட், ஆனால் பிழை திருத்தத்துக்குக் கூடுதலாகச் சேர்க்கச் சேர்க்கப் பிழை குறைந்தது. அதற்கு முன் பெரும்பாலும் சேர்க்கச் சேர்க்கக் கூடிக்கொண்டிருந்தது.

இன்னொரு பக்கம் தேவையும் சுருங்குகிறது. கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் 2019இல் போட்ட கணக்கின்படி ஆர்எஸ்ஏ-2048ஐ உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும், 8 மணி நேரம் ஆகும். 2025 மே மாதம் அதே கிட்னி போட்ட புதுக் கணக்கில் 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். ஆறு வருடத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்த இறக்கம் முழுக்கக் காகிதத்தில், பேனாவால் நடந்தது.

எந்த ஆண்டில் இரண்டும் சந்திக்கும் என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள், ஆராய்ச்சியாளராகவே இருந்தாலும். ஆனால் நள்ளிரவு, உங்கள் முடிவுக்கு அந்த ஆண்டு தேவையே இல்லை. மோஸ்கா என்பவர் சொன்ன எளிய கூட்டல் போதும். ரகசியம் எத்தனை வருடம் தாங்க வேண்டும்? நாற்பது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்க எவ்வளவு ஆகும்? ஐந்து என்று வைப்போம். இரண்டையும் கூட்டினால் நாற்பத்தைந்து. குவாண்டம் கணினி அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்தாலும் நீங்கள் இன்றைக்கே தாமதம். இன்று உங்கள் கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளை ஒருவர் அப்படியே பிடித்து வட்டில் போட்டு வைத்தால் போதும், உடைப்பதை அவர் பிறகு பார்த்துக்கொள்வார்.

நள்ளிரவு_நிர்வாகி

அப்படியானால் இதுவரை போனதெல்லாம் போனதுதானா? அப்புறம் பேக்கப் வட்டுகள்? அவை ஏஇஎஸ்-256, பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி.

பகா_எண்

ஏஇஎஸ்ஸை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அதன் மேல் பாயக்கூடியது ஷோர் இல்லை, 1996இல் லவ் குரோவர் சொன்ன தேடல்முறை. அது தேடலின் அளவை வர்க்கமூலமாகக் குறைக்கும், அவ்வளவுதான். 256 பிட் சாவி 128 பிட் பலத்தில் நிற்கும், அது போதும். 128 பிட் சாவிகூடக் காகிதத்தில் தோன்றும் அளவு மோசமில்லை. குரோவரின் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும். நூறு இயந்திரங்களுக்குப் பங்கு போட்டால் பத்து மடங்கு வேகம்தான் கிடைக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஏஇஎஸ் சாவி எங்கே இருக்கிறது? பெரும்பாலான பேக்கப் மென்பொருள்கள் கோப்பை ஏஇஎஸ்ஸால் பூட்டிவிட்டு, அந்த ஏஇஎஸ் சாவியை ஓர் ஆர்எஸ்ஏ பொதுச்சாவியால் (யாரும் பூட்டலாம், ஜோடி ரகசியச் சாவி உள்ளவர்தான் திறக்கலாம்) பூட்டி, அதே கோப்பின் தலைப்பிலேயே வைக்கும். அப்படி இருந்தால் இரும்புக் கதவு போட்டு, சாவியை அட்டைப்பெட்டியில் வைத்த கதைதான்.

பழைய பாக்கெட்டுகள் விஷயத்தில் இரண்டு வகை உண்டு. வலை இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பில் ஆர்எஸ்ஏவால் நேரடியாகச் சாவி அனுப்பும் பழைய முறை இருந்ததல்லவா, அதைப் பயன்படுத்தியிருந்தால் சர்வரின் ஓர் எண்ணைப் பிரித்தாலே பிடித்து வைத்த அத்தனை இணைப்பும் திறந்துவிடும். ஒவ்வோர் இணைப்புக்கும் புதுச்சாவி போடும் டிஃபி-ஹெல்மன் முறையில் இருந்திருந்தால், எதிரி ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக இயந்திரத்தை ஓட்டியாக வேண்டும். பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், செலவை ஏற்றுகிறது. டிஎல்எஸ் 1.3இல் பழைய முறை அடியோடு இல்லை, புதிய குவாண்டம்-தாங்கும் சாவிப் பரிமாற்றமும் 1.3இல்தான் வருகிறது. எனவே உங்கள் திங்கட்கிழமை கேள்விக்கு முதல் பதில்: 1.3க்கு வராத சர்வர் எது என்று பாருங்கள்.

கத்துக்குட்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புதியதில் என்ன கணக்கு இருக்கிறது? ஏன் அதை குவாண்டம் கணினியால் உடைக்க முடியாது?

பகா_எண்

"முடியாது" என்று யாரும் நிரூபிக்கவில்லை. உடைக்கும் வழி யாருக்கும் அகப்படவில்லை, அதுதான் நேர்மையான வாக்கியம்.

கணக்கு எளிது, கையாலேயே போடலாம். என் ரகசியம் (3, 5) என்ற இரண்டு எண்கள். எல்லாக் கணக்கும் 17ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. 2×3 + 7×5 = 41, மீதி 7. இதை வெளியே சொல்லும்போது வேண்டுமென்றே ஒன்று கூட்டி 8 என்கிறேன். அடுத்தது 11×3 + 4×5 = 53, மீதி 2. இதில் ஒன்று குறைத்து 1 என்கிறேன். இப்போது உங்களிடம் இருப்பது:

2அ + 7ஆ = 8
11அ + 4ஆ = 1

17ஆல் வகுத்த மீதியிலேயே, பள்ளியில் படித்தபடி தீர்த்துப் பாருங்கள். அ = 9, ஆ = 1 என்று சுத்தமாக வரும். ரகசியமோ (3, 5). ஒன்று கூட்டி ஒன்று குறைத்ததற்கே விடை பக்கத்தில்கூட இல்லை. இரண்டு எண் என்பதால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். நிஸ்ட்டின் புதிய சாவிப் பரிமாற்றத் தரநிலையான எம்எல்-கெம்-768இல் (பழைய பெயர் கைபர்) ரகசியம் 768 எண்கள், 17க்குப் பதில் 3329, சேர்க்கும் பிழை −2 முதல் 2 வரை. ஓடெட் ரெகெவ் 2005இல் அடித்தளம் போட்ட கணக்கு இது. ஷோரின் முறைக்குக் கணக்கில் ஓர் ஒழுங்கான சுழற்சி வேண்டும், அதைத்தான் அது மோப்பம் பிடிக்கும். இந்தப் பிழை அந்தச் சுழற்சியைக் கலைத்துவிடுகிறது.

சாவியின் அளவும் இதிலிருந்தே வரும். 768 எண்கள், ஒவ்வொன்றுக்கும் 12 பிட், ஆக 1152 பைட். கூட ஒரு 32 பைட் விதை (2, 7, 11, 4 போன்ற வெளிப்படையான எண்களை உருவாக்கும் தொடக்க எண்). மொத்தம் 1184. இதுவரை பயன்படுத்திய நீள்வட்ட வளைவு முறையான எக்ஸ்25519இன் சாவி 32 பைட்தான். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் கடிக்கும்.

சந்தேகப்பிராணி

அருமை. இதே மாதிரி அழகாக விளக்கிய இன்னொன்றை மறந்துவிட்டீர்கள். சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறை. புதிய தரநிலைக்காக நிஸ்ட் நடத்திய போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்தது, சாவியும் சின்னது, எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. 2022 ஜூலையில் கேஸ்ட்ரிக், டெக்ரு என்று இரண்டு பேர் அதன் மிகச் சிறிய அளவை ஒரே ஒரு சிபியு கோரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துப் போட்டார்கள். குவாண்டம் கணினி இல்லை, சாதாரணக் கணினி! அதே வருடம் ரெயின்போ என்ற கையொப்பமுறையை ஒருவர் வார இறுதியில் மடிக்கணினியிலேயே உடைத்தார். 2024 ஏப்ரலில் உங்கள் கைபரின் அடித்தளமான லாட்டிஸ் கணக்குக்கே குவாண்டம் வழிமுறை கண்டுபிடித்துவிட்டதாக ஒரு கட்டுரை வந்து, நீங்கள் எல்லோரும் ஒரு வாரம் கதிகலங்கி நின்றதும் நினைவிருக்கிறது.

நாற்பது வருடம் அடி வாங்கி நிற்கும் ஒன்றைக் கழற்றிவிட்டு நேற்றுப் பிறந்ததை மாட்டச் சொல்கிறீர்கள்.

பகா_எண்

அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை, உண்மை. எட்டு நாளில் அதன் ஒன்பதாவது படியில் ஓட்டை இருப்பது தெரிந்து, எழுதியவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் கழற்றச் சொன்னது யார்? பழையதைக் கழற்றாமல் அதன் கூடவே புதியதையும் மாட்டுவதுதான் இன்று எல்லோரும் செய்வது. எக்ஸ்25519 ஒரு ரகசியம் தரும், எம்எல்-கெம் ஒரு ரகசியம் தரும், இரண்டையும் கலந்து பிசைந்துதான் இணைப்பின் சாவி பிறக்கும். உள்ளே வர எதிரி இரண்டையும் உடைத்தாக வேண்டும். நீங்கள் சொன்ன அதே சைக்கை 2019இல் கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் இணையத்தில் சோதனைக்கு ஓட்டினார்கள், எக்ஸ்25519உடன் சேர்த்துத்தான். மூன்று வருடம் கழித்து சைக் செத்தபோது அந்தச் சோதனையில் போன இணைப்புகள் பழைய பலத்திலேயே நின்றன. உங்கள் சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் சும்மா இருப்பது என்பதைத்தான் ஏற்க மாட்டேன். கைபர் வழுக்கினால் என்ன செய்வது என்று நிஸ்ட்டும் யோசித்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஹெச்க்யூசி என்ற வேறு கணிதத்தைச் சேர்ந்த முறையைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தது.

இரும்புப்பெட்டி

எல்லோரும் இணையத்தையே பேசுகிறீர்கள். நான் ஆலைகளில் பொருத்தும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எழுதுபவன். எங்கள் கருவி ஒரு முறை சுவரில் ஏறினால் இருபது வருடம் இறங்காது. தொடங்கும்போது எந்த ஃபர்ம்வேரை நம்பலாம் என்று சரிபார்க்கும் பொதுச்சாவி சிப்பிலேயே எரித்து வைத்தது, அதை யாராலும் மாற்ற முடியாது, அதுதான் அதன் சிறப்பே. இன்று அங்கே ஆர்எஸ்ஏ சாவியை எரித்து அனுப்பினால், 2045இல் அதே சாவியோடுதான் அது நிற்கும். அன்றைக்கு ஒருவர் எங்கள் கையொப்பத்தைப் போலியாகப் போட்டுவிட்டால், கருவி சந்தோஷமாக அவர் ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளும்.

எனவே எங்களுக்குக் கையொப்பம்தான் முதல் அவசரம். ஹாஷ் (எந்தத் தரவையும் திரும்ப முடியாதபடி சிறு கைரேகையாக்கும் கணக்கு) அடிப்படையிலான எல்எம்எஸ் கையொப்ப முறையை எடுத்துக்கொண்டோம். 2020 முதலே நிஸ்ட் அனுமதித்தது, புதுக் கணிதம் எதையும் நம்ப வேண்டாம், ஹாஷ் நின்றால் அது நிற்கும். ஒரே தலைவலி: உள்ளே இருக்கும் ஒவ்வொரு குட்டிச் சாவியையும் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். எத்தனையாவது எண்வரை செலவாகிவிட்டது என்று கையொப்பம் போடும் இயந்திரம் கணக்கு வைத்திருக்க வேண்டும். சோதனைக் கூடத்தில் எங்கள் ஆள் ஒருவர் அந்த இயந்திரத்தின் பழைய ஸ்னாப்ஷாட்டை மீட்டெடுத்துவிட்டார், நல்லெண்ணத்தோடுதான். கணக்கு பின்னால் போய்விட்டது. ஏற்கெனவே செலவான எண்ணில் மறுபடி கையொப்பம் விழுந்தது. அந்த நிமிடமே அந்தச் சாவியைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. நல்லவேளை, சோதனைச் சாவி. அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்கு பேக்கப்பே கிடையாது. எந்த பேக்கப் ஆசாமியிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

நள்ளிரவு_நிர்வாகி

நான்தான் அந்த பேக்கப் ஆசாமி. படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியானால் எங்கள் வலைச் சான்றிதழ்களையும் உடனே மாற்ற வேண்டுமா?

பகா_எண்

வேண்டாம், அங்கே அவசரமில்லை. சான்றிதழ்க் கையொப்பத்தை இன்று பிடித்து வைத்து நாளை உடைத்துப் பயனில்லை. இணைப்பு நடக்கும் அந்த நொடியில் ஏமாற்ற முடிந்தால்தான் ஆபத்து. இரும்புப்பெட்டியின் இருபது வருடச் சாவி வேறு, உங்கள் சில மாதச் சான்றிதழ் வேறு.

அங்கே அளவும் இடிக்கிறது. ஒரு சாதாரண வலை இணைப்பில் ஐந்து கையொப்பம், இரண்டு பொதுச்சாவி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஸ்ட்டின் புதிய கையொப்பத் தரநிலையான எம்எல்-டிஎஸ்ஏ-44இல் கையொப்பம் 2420 பைட், சாவி 1312 பைட். கூட்டினால் 14,724. தரவைப் பாக்கெட்டாக அனுப்பும் டிசிபி நெறிமுறை முதல் மூச்சில் அனுப்புவது வழக்கமாகப் பத்து பாக்கெட், தலா 1460 என்றால் 14,600. வேறு ஒன்றையும் சேர்க்காமலே வழிந்துவிட்டது, ஒரு சுற்று கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். வலைச் சான்றிதழை எப்படி ஒல்லியாக்குவது என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிக்கட்டும்.

வேடிக்கை_பார்ப்பவன்

ஒளித்துகள்களால் சாவி அனுப்பும் குவாண்டம் சாவிப் பகிர்வுப் பெட்டி வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? இயற்பியல் விதியே காவல் என்கிறார்களே.

பகா_எண்

தனி ஒளியிழை வேண்டும், தூரம் மட்டு, மறுமுனையில் இருப்பது உண்மையில் நம் ஆள்தான் என்று சரிபார்க்க மறுபடியும் சாதாரண மறையாக்கமே வேண்டும். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு அமைப்பான என்சிஎஸ்சி இரண்டும் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. அந்தப் பணத்துக்கு ஓர் ஆளை வேலைக்கு வைத்து, எந்த சர்வரில் என்ன சாவி இருக்கிறது என்று எண்ணச் சொல்லலாம்.

நள்ளிரவு_நிர்வாகி

எண்ணினேன். மூன்று வாரம் ஆயிற்று.

எதிர்பார்த்த இடங்களில் பெரிய வேலை இல்லை. முன்னால் நிற்கும் வலை சர்வர்களில் டிஎல்எஸ் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் 3.5 ஏற்றியதும், பழையதும் புதியதும் சேர்ந்த கலப்புப் பரிமாற்றம் தானாகவே வந்துவிட்டது, அமைப்புக் கோப்பில் ஒரு வரிகூடத் தொடவில்லை. எதிர்பாராத இடங்கள்தான் ஆளைக் கொன்றன. ஸ்கேன் படங்களை இரவில் இன்னொரு கட்டடத்துக்கு நகர்த்தும் ஒரு ஸ்கிரிப்ட். உள்ளே டிஎல்எஸ் 1.2, அதுவும் நேரடி ஆர்எஸ்ஏ. பகா_எண் சொன்னாரே, ஒரே எண்ணைப் பிரித்தால் எல்லாம் திறக்கும் என்று, அதேதான். எங்களிடம் இருப்பதிலேயே நீண்ட நாள் ரகசியமாக இருக்க வேண்டியது அந்தப் படங்கள். பேக்கப் சாவியும் நீங்கள் ஊகித்தபடியே அட்டைப்பெட்டியில் இருந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று. ஏற்கெனவே வெளியே போய்விட்ட பழைய பேக்கப் நாடாக்களை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். 2024இல் சிலருக்கு மட்டும் எங்கள் உள்தளம் திறக்கவில்லை என்று புகார் வந்தது. பிரௌசரைப் புதுப்பித்தவர்களுக்கு மட்டும். பிரௌசரில் ஓர் அமைப்பை முடக்கினால் சரியாகிறது என்று கண்டுபிடித்து, எல்லோரும் அப்படியே செய்யும்படி சுற்றறிக்கை எழுதியவன் நானே. இந்த இழையில் 1184 பைட் கடிக்கும் என்று படித்ததும் பொறி தட்டியது. போய் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன். பிரௌசரின் முதல் வணக்கச் செய்தி புதுச் சாவியோடு சேர்ந்து 1500ஐத் தாண்டி இரண்டு பாக்கெட்டாக வருகிறது. எங்கள் பழைய லோட் பேலன்சர் (வரும் இணைப்புகளை சர்வர்களுக்குப் பங்கிடும் பெட்டி) முதல் பாக்கெட்டோடு செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்து இணைப்பை அறுக்கிறது. நான் அன்றைக்கு முடக்கச் சொன்ன அமைப்பு இதே குவாண்டம் பாதுகாப்புதான்!

பெட்டியை விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டால், இந்த மாடலுக்கு இனிப் புதுப்பிப்பு வராதாம். புதியது வாங்க ஒப்புதல் கேட்டிருக்கிறேன். மேலிடத்துக்கு நான் அனுப்பிய திட்டத்தில் அதுதான் முதல் வரி.

இரும்புப்பெட்டி

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டீர்களா?

நள்ளிரவு_நிர்வாகி

பெட்டி மாறினால்தான் பெற முடியும். இல்லையென்றால் மறுபடி தளம் திறக்காது.

சந்தேகப்பிராணி

நான் இன்னும் அதே கட்சிதான், 21க்கு மேல் போகட்டும் பார்க்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேற்று இரவு வேறு ஏதோ பிரச்சினைக்காக எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் முறை) இணைப்பை விரிவான பதிவோடு ஓட்டினேன். சாவிப் பரிமாற்ற வரியில் எம்எல்-கெம்-768, கூடவே எக்ஸ்25519. நான் எதையும் போடவில்லை. தேடிப் பார்த்தால் ஓபன்எஸ்எஸ்ஹெச் 2022 ஏப்ரலில் வந்த 9.0 பதிப்பிலேயே வேறொரு கலப்பு முறையை இயல்பாக்கிவிட்டதாம், 10.0இல் அதை எம்எல்-கெம் ஆக்கியிருக்கிறார்கள். "எதையும் தொடாதீர்கள்" என்று இங்கே நான் எழுதியபோது என் கணினி தொட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

பகா_எண்

:)